எந்த வேலைக்கு எந்த முடிச்சு

உங்கள் ஷூ லேஸ் அடிக்கடி அவிழ்கிறதா? இப்போதே குனிந்து முடிச்சைப் பாருங்கள். அதன் இரண்டு காதுகளும் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் நல்ல முடிச்சு. ஒரு காது விரல் பக்கமும் இன்னொன்று குதிகால் பக்கமுமாகத் திரும்பி நின்றால் அது தப்பான முடிச்சு. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். லேஸிலும் குறையில்லை, இறுக்கியது போதாமலும் இல்லை.

நான் கரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாரணியர் படையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும்போதெல்லாம் யாராவது ஒருத்தி வரிசையிலிருந்து விலகி, குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டிருப்பாள். "இறுக்கமா கட்டு" என்று சொல்வதைத்தான் எல்லா ஆசிரியர்களும் செய்வோம். பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டும். அடுத்த சுற்றில் மறுபடி குனியும்.

விஷயம் இவ்வளவுதான். லேஸ் கட்டுவதில் இரண்டு படிகள் உண்டு. முதலில் இரண்டு நுனிகளையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டு ஒரு சுற்று சுற்றி இழுக்கிறோம். அப்புறம் காது வைத்து இன்னொரு சுற்று. முதல் சுற்றில் வலது நுனி இடதின் மேல் போயிருந்தால், இரண்டாவதில் இடது நுனி வலதின் மேல் போக வேண்டும். இப்படி எதிரெதிராகப் போனால் வருவது ரீஃப் நாட். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் வருவது கிரானி நாட். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை.

சரிசெய்ய வேண்டுமென்றால் காது வைக்கும் இரண்டாம் படியைத் தொடாதீர்கள். விரல்களுக்கு அது சின்ன வயதிலேயே பழகிப்போயிருக்கும், மாற்றுவது கஷ்டம். முதல் சுற்றை மட்டும் எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். சில நாள் கை தடுமாறும், பிறகு பழகிவிடும்.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு சிவப்பு நாடா, ஒரு வெள்ளை நாடா போதும். பாவாடைக்கு வாங்கும் பருத்தி நாடாதான். இரண்டையும் சேர்த்து ரீஃப் போட்டுத் தளர்த்திப் பிடித்தால், சிவப்பு வளையம் ஒன்று, வெள்ளை வளையம் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இருப்பது பளிச்சென்று தெரியும். சிவப்பின் இரு முனைகளும் ஒட்டி ஒரே பக்கமாக வெளியே வரும், வெள்ளையும் அப்படியே. கிரானியில் நுனிகள் குறுக்கே முறைத்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஒரு காலில் ரீஃப், மறு காலில் கிரானி கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். எந்தக் கால் முதலில் அவிழும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கிரானி கட்டிய கால்தான் பெரும்பாலும் தோற்றது.

இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் ஓடும் பட்டையில் ஒருவரை ஓடவிட்டு, அவருடைய லேஸை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2017-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கால் தரையில் மோதும்போது முடிச்சின் மேல் விழும் அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு. அந்த அதிர்ச்சியில் முடிச்சின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது லேஸின் நுனிகள் சுண்டப்பட்டு வெளிப்பக்கம் இழுக்கின்றன. நின்ற இடத்தில் மிதித்தால் மட்டும் அவிழவில்லை. மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டினால் மட்டும் அவிழவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அவிழ்கிறது. அவிழத் தொடங்கியபின் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நல்ல முடிச்சும் என்றைக்கும் அவிழாது என்றில்லை, தப்பான முடிச்சு சீக்கிரம் அவிழும், அவ்வளவுதான்.

ரீஃப் ஏன் தாங்குகிறது என்பதற்கு 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இழுவிசை எங்கே அதிகமோ அங்கே நிறம் மாறும் ஓர் இழையில் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முடிச்சுக்குள் கயிறு எத்தனை இடத்தில் குறுக்கே போகிறது, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் எந்தத் திசையில் முறுக்குகின்றன, எந்தத் திசையில் நழுவப் பார்க்கின்றன என்று எண்ணினாலே எந்த முடிச்சு வலுவானது என்று சொல்லிவிடலாம் என்பது அவர்கள் கண்டது. பக்கத்துப் பகுதிகள் எதிரெதிராக முறுக்கினால் ஒன்றையொன்று தடுக்கும். ஒரே பக்கமாக முறுக்கினால் சேர்ந்து உருண்டு நழுவிவிடும். கணக்கு டீச்சருக்கு இதைவிட வேறு என்ன சந்தோஷம்? முறுக்கும் திசைகளுக்குக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டு எண்ணி ஒரு முடிச்சின் பலத்தை ஒப்பிடலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

ரீஃபை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதன் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு கயிறுகளை இணைத்து அதில் ஓர் ஆளையோ கனமான பொருளையோ தொங்கவிட ரீஃபை ஒருபோதும் நம்பக் கூடாது. ஒரு நுனியைப் பிடித்து நேராகச் சுண்டினால் முடிச்சு புரண்டுவிடும். சுற்றிக்கொண்டிருந்த கயிற்றில் ஒன்று நேராகிவிடும், இன்னொன்று அதன் மேல் வெறும் வளையமாக நழுவி ஓடும். கயிறுகள் வெவ்வேறு பருமனாக இருந்தால் இன்னும் மோசம். பாய்மரத்தில் விரிந்த துணியை மடித்துச் சுருக்கிக் கட்டத்தான் மாலுமிகள் அதைப் பயன்படுத்தினார்கள். சுண்டினால் சட்டென்று அவிழ வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வசதி.

முதலுதவியிலும் இதே குணம் உதவுகிறது. முக்கோணக் கட்டுத்துணியில் கை தாங்கி கட்டும்போது ரீஃப்தான் போட வேண்டும். முடிச்சு தட்டையாக இருப்பதால் கழுத்தில் உறுத்தாது. காயம்பட்டவரை அசைக்காமல் அவிழ்க்கலாம். இது ஒன்றும் புதிதில்லை. பழைய ரோமாபுரியில் இதை ஹெர்குலிஸ் முடிச்சு என்றார்கள். மணப்பெண்ணின் இடைக்கச்சையை இந்த முடிச்சால் கட்டினார்கள். காயத்துக்கு இந்த முடிச்சுப் போட்டுக் கட்டினால் சீக்கிரம் ஆறும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். முடிச்சில் மந்திரம் இருந்ததாக அவர்கள் நம்பியிருக்கலாம். கட்டு நழுவாமல் அழுத்தமாக நின்றால் காயத்துக்கு நல்லதுதானே என்று எனக்குத் தோன்றும்.

கயிற்று வேலையில் ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர்கள் ஆரம்பத்தில் பிள்ளைகளை மிரட்டும். ஒரு கயிற்றை இன்னொரு கயிற்றோடு இணைப்பது பெண்ட். கயிற்றைக் கம்பத்திலோ வளையத்திலோ கட்டுவது ஹிட்ச். இரண்டு கழிகளைச் சேர்த்துக் கட்டுவது லேஷிங். பொதுவாக எல்லாவற்றுக்கும் நாட். பெயரை மனப்பாடம் செய்யச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். எதை எதோடு கட்டப் போகிறாய், எப்போது அவிழ்க்கப் போகிறாய் என்று கேட்டால் அவர்களே சரியான முடிச்சுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அவிழ்ப்பதைப் பற்றி யோசிக்காமல் போட்ட முடிச்சு கடைசியில் கத்திக்குத்தான் வேலை வைக்கும். பாவாடை நாடாவில் கடுமுடிச்சு விழுந்து தவித்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட் சொல்லித்தரும்போது ஒரு பிள்ளை, "மிஸ், இது எங்க வீட்டுல தறியில போடுறதுதான்" என்றாள். என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, நான் பார்ப்பதற்குள் போட்டு முடித்தாள். அவள் அம்மா கைத்தறி நெய்பவர். அறுந்த இழையை இணைக்க நெசவாளர்கள் போடும் முடிச்சும் கப்பல் கயிற்றின் ஷீட் பெண்ட்டும் அமைப்பில் ஒன்றேதான். மீன் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் காலங்காலமாகப் போடப்படுவதும் பெரும்பாலும் இதே முடிச்சுதான். தறியில் மெல்லிய நூல், கப்பலில் தடித்த கயிறு, கடற்கரையில் வலை. ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். முடிச்சு சின்னதாக, நுனிகள் அதிகம் நீட்டாமல் இருப்பதால் தறியின் அச்சில் சிக்காமல் போகிறது. பருமன் வேறுபட்ட கயிறுகளையும் அது பிடித்துக்கொள்ளும். ரீஃப் செய்ய முடியாத வேலை அது. அன்றைக்கு வகுப்பை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிட்டேன். நான் சொல்லிக்கொடுப்பதைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

ஹிட்ச் பற்றி எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா. அவரிடம் காங்கேயம் காளைகள் ஒரு சோடி இருந்தன. மாட்டின் கழுத்தில் விழும் வளையத்தைக் கட்டுவதற்கும், அந்தக் கயிற்றின் மறுமுனையை முளைக்குச்சியில் கட்டுவதற்கும் அவர் கை வேறு வேறு விதமாகப் போகும். "கழுத்துக்கு உருவாஞ்சுருக்குப் போடாதே கண்ணு. மாடு மிரண்டு இழுத்துச்சுன்னா அதுவே உசுர வாங்கிப்போடும்" என்பார். கழுத்து வளையம் எவ்வளவு இழுத்தாலும் சுருங்கக் கூடாது. முளைக்குச்சியில் போட்ட முடிச்சோ, மாடு எவ்வளவு இழுத்தாலும் நிற்க வேண்டும், ஆனால் நாம் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உடனே விட வேண்டும். தொழுவத்தில் தீப்பிடித்தால், மாடு கயிற்றில் சிக்கி விழுந்தால், முடிச்சை நோண்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதனால் கடைசிச் சுற்றில் நுனியை முழுக்க உள்ளே விடாமல் மடித்து விடுவார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை நடக்காமல் இருக்க அவர் தும்பில் இவ்வளவு கவனம் வைத்தார்.

மடித்து விடுவது என்கிற அந்தத் தந்திரம்தான் ஷூ லேஸில் நாம் வைக்கும் காதும். காதில்லாமல் போட்டால் அது வெறும் ரீஃப். காது வைத்தால் இழுத்தவுடன் அவிழும் ரீஃப். சுருங்காத வளையத்துக்கு உலகம் முழுக்க சாரணர்கள் கற்கும் முடிச்சு போலைன். ஆங்கிலத்தில் முயல் வளையிலிருந்து வெளியே வந்து, மரத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி வளைக்குள் போவதாகச் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பாம்பும் புற்றுமாக மாற்றிவிட்டார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. போலைனிலும் ஒரு குறை உண்டு. பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் மெல்ல இளகும். மலையேறுபவர்கள் பலரும் இடுப்புக்கு 8 வடிவ முடிச்சைப் போடுவது அதனால்தான்.

க்ளோவ் ஹிட்ச்சை மிக வேகமாகப் பிடித்துக்கொள்பவர்கள் யாரென்றால், வீட்டில் பூக் கட்டும் பிள்ளைகள். பூக் கட்டும்போது நாரை விரலில் ஒரு திருப்புத் திருப்பி, அந்த வளையத்தைக் காம்பின் மேல் போட்டு இழுக்கிறார்கள் அல்லவா? கம்பத்தின் தலையில் அதே மாதிரி திருப்பிய வளையத்தை ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் அதுதான் க்ளோவ் ஹிட்ச். விரல் ஏற்கெனவே அறிந்த வேலை.

லேஷிங்குக்கும் நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. வைகாசியில் கரூர் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் ஊரெல்லாம் பந்தல். மூங்கிலும் சவுக்குமாக நிறுத்தி, நனைத்த தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுகிறவர்களைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். குறுக்குக் கழியையும் நிலைக்கழியையும் சேர்த்துப் பல சுற்றுச் சுற்றியபின், இரண்டு கழிகளுக்கும் நடுவே கயிற்றை விட்டு அந்தச் சுற்றுகளையே குறுக்காக நெருக்கி இறுக்கினார் ஒரு பெரியவர். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஸ்கொயர் லேஷிங் என்று போட்டிருப்பது அதைத்தான். "நடுவுல நெருக்கலைன்னா எத்தனை சுத்து போட்டும் பிரயோசனமில்லீங்க டீச்சரம்மா" என்றார். மிகச் சரி. சுற்றுகள் பாரத்தைத் தாங்குகின்றன, நெருக்கும் சுற்றுகள்தான் கழி ஆடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஏன் கயிற்றை நனைக்கிறீர்கள் என்று கேட்டாள் ஒருத்தி. காய்ந்த நார் முரண்டு பிடிக்கும், நனைத்தால் சொன்னபடி வளையும் என்றார்.

கஜா புயல் வந்த 2018 நவம்பரில் ஒரு பிள்ளை கேட்டாள்: "செய்தியில காத்து இத்தனை நாட்னு சொல்றாங்களே, அதுக்கும் நாம போடுற நாட் முடிச்சுக்கும் சம்பந்தம் இருக்கா மிஸ்?" இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் போடுவார்கள். துண்டு நின்ற இடத்தில் மிதக்க, கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியதோ, அத்தனை நாட் வேகம். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 47 அடி 3 அங்குலம் என்பது சுமார் 14.4 மீட்டர். அதை 28 ஆல் வகுத்து, மணிக்கு மாற்றினால் 1.85 கிலோமீட்டர். இன்றைக்கு ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மணலும் கயிறும் வைத்துக்கொண்டு அவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறார்கள்! நம் வானிலைத் துறை 34 நாட் காற்றிலிருந்துதான் புயல் என்று பெயர் கொடுக்கிறது. அதைக் கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். 63 என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வீட்டில் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் நைலான் கயிற்றில் தொடங்காதீர்கள். வழுக்கும், முறுக்கிக்கொள்ளும், நல்ல முடிச்சும் தப்பான முடிச்சாகத் தோன்றும். சுண்டுவிரல் பருமனில் பருத்திக் கயிறு, இரண்டு மீட்டர் அளவு, இரண்டு நிறத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. நுனி பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். நைலானிலேயே கட்ட வேண்டிய வேலை என்றால் நுனியை நீளமாக விட்டு, மேலே இன்னொரு சுற்றுப் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பழைய கயிற்றை இழுத்துப் பார்க்கும்போது முடிச்சை ஒட்டிய இடத்தைக் கவனியுங்கள். கயிறு பெரும்பாலும் அங்கேதான் அறும், ஏனென்றால் வளைவில்தான் இழைகள் மேல் பாரம் ஏறுமாறாக விழுகிறது.

முடிச்சுத் தேர்வு என்றால் பொதுவாக ஒரு சிறு கயிற்றைக் கையில் கொடுத்து, அந்தரத்தில் போட்டுக் காட்டச் சொல்வது வழக்கம். உருவம் சரியாக வந்தால் மதிப்பெண். அதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் எங்கள் படையில் தேர்வை மாற்றியிருக்கிறேன். தடித்த கயிறு ஒன்று, மெல்லிய கயிறு ஒன்று கொடுத்து, இணைத்து, வேப்பமரக் கிளையில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிடச் சொல்கிறேன். கை தாங்கியைத் தோழியின் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். கொடிக்கம்பத்தில் க்ளோவ் ஹிட்ச், இடுப்பைச் சுற்றிப் போலைன். நேரம் பார்ப்பதில்லை. வாளி அசையாமல் நின்றபின் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, அதே முடிச்சைப் பல்லும் நகமும் படாமல் அவிழ்த்துக் காட்டினால்தான் அவளுடைய குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.